நாலாவது பேர்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஆஸ்பத்திரி லேபில் அவள் ஒருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது, கோட்டுப் பையில் போன் மூன்று தடவை அதிர்ந்தது. குழாயில் சீட்டு ஒட்டி, கையுறையைக் கழற்றிவிட்டு எடுத்துப் பார்த்தாள். 'கரை சேருவோம்' குழுவில் மூன்று செய்திகள்.

"ஃபைல் திறக்க மாட்டேங்குது. உங்களுக்குத் திறக்குதா?" என்று டிப்போ கேட்டிருந்தார்.

"எனக்கும் இல்ல. அப்படி ஒரு ஃபைலே இல்லன்னு வருது" என்று மருந்துக்கடை எழுதியிருந்தாள்.

மறுபடியும் டிப்போ: "கேப்டன் எங்க?"



ஆன்லைன் வழியாகப் பொதுச் சுகாதாரப் பட்டம் படிக்கும் நாலு பேர் அவர்கள். பஸ் டிப்போவில் குமாஸ்தாவாக இருப்பவர் டிப்போ. மருந்துக் கடையில் நிற்பவள் மருந்துக்கடை. ரத்தம் எடுக்கும் இவளுக்கு ஊசி என்று பேர். பேர் வைத்தவன் கேப்டன். முதல் வாரத்திலேயே, "கப்பல்னு இருந்தா கேப்டன் வேணும், வேற யாரும் கை தூக்காததால நானே" என்று சொல்லிக்கொண்டு வந்தவன். நேரில் யாரும் யாரையும் பார்த்ததில்லை.

நாலு பேரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. கை கழுவும் பழக்கத்துக்கும் வார்டில் பரவும் தொற்றுக்கும் என்ன தொடர்பு என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கேட்டுப் படிவம் நிரப்பியவள் ஊசி. அந்த எண்களைக் கணினியில் ஏற்றி, கணக்குப் போட்டு, அட்டவணையாக்கியவன் கேப்டன். எல்லாம் அவனுடைய பல்கலைக்கழகக் கணக்கில் இருந்த ஒரே கோப்பில் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும்.

மற்றவர்களுக்கு இந்தத் தடவை போனால் அடுத்த வருஷம். ஊசிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. ஏழு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. இது ஏழாவது வருஷத்தின் கடைசி மாதம். நடுவில் ஒரு பிரசவம், மாமியாரின் பக்கவாதம், லேபில் இரண்டு வருஷம் ஆள் பற்றாக்குறை. அவள் ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்த பெண் ஒருத்தி பட்டம் வாங்கிக்கொண்டு வந்து இப்போது அவளுக்கு மேலதிகாரி. "அக்கா, தப்பா நினைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் வேலை ஏவுவாள். அந்த 'தப்பா நினைக்காதீங்க'தான் இவளுக்குத் தாங்காது.

மதிய இடைவேளையில் கேப்டனுக்குப் பதினோரு தடவை போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. வகுப்புத் தளத்தில் பேராசிரியைக்கு எழுதினாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "குழு வேலைக்குக் குழுவே பொறுப்பு. தளம் ஐந்து மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும்." பல்கலைக்கழக அலுவலகத்தைக் கூப்பிட்டால், மாணவர் விவரத்தை வெளியாட்களுக்குத் தர முடியாது என்றார்கள்.

"நான் வெளியாளா? நாலு மாசமா தினமும் அவரோட பேசிட்டிருக்கேன்."

"அவர் அட்ரஸ் கூட உங்களுக்குத் தெரியலையேம்மா" என்றது அந்தக் குரல்.

சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடி வகுப்புத் தளத்தின் பழைய பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். பிப்ரவரியில் எல்லோரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்ட பக்கம் கிடைத்தது. கேப்டன் எழுதியிருந்தான்: 'ரயில் மேம்பாலத்துக்குக் கீழே ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற சலவைக்கூடம் இருக்கே, அதுக்குப் பின்னாடி வீடு. அப்பா அங்கதான் வேலை பார்க்கறார். யாராவது வந்தா ஒரு சட்டைக்கு இஸ்திரி இலவசம்.'

மறுநாள் காலை உடம்பு சரியில்லை என்று லேபுக்குச் சொல்லிவிட்டு, படிவக் கட்டையும் பழைய மடிக்கணினியையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். புருஷன் வாசலில் நின்று கேட்டான்: "முன்னப்பின்ன தெரியாத ஆளைத் தேடி எங்க போற?"

"தெரிஞ்ச ஆளுதான்" என்றாள்.

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. சலவைக்கூடத்துக்குள் நீராவி முகத்தில் அடித்தது. வெள்ளை விரிப்புகள் மலைமலையாகக் கிடந்தன. கேப்டனின் முழுப்பெயரைச் சொல்லிக் கேட்டதும், துணி மடித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். மூலையில் இஸ்திரி இயந்திரத்தின் முன்னால் நின்ற பெரியவரைக் காட்டினாள்.

அறுபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். அவளைப் பார்த்தார், தோளில் தொங்கிய பையைப் பார்த்தார், பிறகு கேட்டார்: "ஊசியாம்மா நீங்க?"

"ஆமா. நீங்க அவரோட அப்பாவா? அவர் எங்கங்க? ஃபைலைக் காணோம், அஞ்சு மணிக்குள்ள..."

"அவன் இல்லம்மா."

"எப்ப வருவார்?"

பெரியவர் இயந்திரத்தை அணைத்தார். "மார்ச் மாசம் ஆறாந்தேதி. பைக்ல போனான். லாரி."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மார்ச்சுக்குப் பிறகுதானே கேப்டன் அவளுக்கு அந்தக் கணக்கையெல்லாம் விளக்கினான்? போன வாரம்கூட, 'ஊசி, நூத்தி நாப்பதாம் படிவத்துல வயசு விட்டுப்போச்சு, கேட்டுச் சொல்லுங்க' என்று எழுதினானே?

"அது நான்தாம்மா" என்றார்.

துணி மூட்டை மேல் உட்கார வைத்துச் சொன்னார். காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து மகனின் போனைத் திறந்திருக்கிறார். குழுவில் நாற்பது செய்திகள். கேப்டன், எங்கே போனீங்க. கேப்டன், நீங்க இல்லாம ஒண்ணும் ஓடலை. "எல்லாரும் அவனை உயிரோட இருக்கறவன் மாதிரியே கூப்பிட்டீங்க. இல்லன்னு எழுத எனக்குக் கை வரலம்மா. இதோ வரேன்னு எழுதிட்டேன்."

அதற்குப் பிறகு திரும்ப வழியில்லை. கேள்வி கேட்டார்கள், பதில் சொல்ல வேண்டியிருந்தது. தான் எப்போதோ படித்த பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கை வைத்துக்கொண்டு வகுப்பு வீடியோக்களை ஒன்றுக்கு நாலு தடவை பார்த்தார். தளத்தில் மற்ற மாணவர்கள் கேட்ட சந்தேகங்களையும் வந்த பதில்களையும் நோட்டில் எழுதிக்கொண்டார். தானும் மகன் பேரில் சந்தேகம் கேட்டார். முன்பின் அறியாத யாரோ ஒரு மாணவி படம் போட்டு விளக்கினாள். "தொண்டை சரியில்லன்னு சொல்லி வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பல. குரல் காட்டிக் கொடுத்துடுமில்ல."

புதன்கிழமை பரீட்சை அனுமதிச் சீட்டு விஷயமாக அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் வந்திருக்கிறது. எடுத்தது அவர் மனைவி. மகன் இறந்து நாலு மாதமாயிற்று என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அன்றைக்கே கணக்கை மூடிவிட்டார்கள். கோப்பும் அதோடு போனது.

"என்ன ஐயா பண்ணி வச்சிருக்கீங்க!" அவள் கத்திவிட்டாள். துணி மடித்த பெண்கள் திரும்பினார்கள். "என் ஏழு வருஷம் ஐயா! ரெண்டு நாளா போனைக் கூட எடுக்கல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என்னன்னு சொல்வேன்?"

அந்தக் கேள்வியில் அவள் கோபம் பாதியில் நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவனுக்காகவா தனக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

பெரியவர் எழுந்துபோய், விரிப்பு அடுக்கும் அலமாரியிலிருந்து ஆறு நோட்டுகளை எடுத்து வந்தார். ஒற்றை விரலால் தட்டச்சு செய்கிறவர் என்பதால் எல்லாவற்றையும் முதலில் கையால் எழுதிப் பார்த்திருந்தார். அட்டவணைகள், கணக்குகள், அடித்துத் திருத்திய முடிவுரை எல்லாம் இருந்தன. கோடு போட்ட மாதிரிக் கையெழுத்து.

பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தார்கள். அவர் எண்களைப் படிக்க, அவள் தட்டினாள். டிப்போவும் மருந்துக்கடையும் தங்கள் பகுதிகளை அனுப்பினார்கள். நடந்ததை இருவருக்கும் போனில் சொன்னாள். ஒரு மணிக்கு மேற்பார்வையாளன் வந்து முறைத்தான். மடித்துக்கொண்டிருந்த பெண், "நான் அவர் பங்கைப் பார்த்துக்கறேன், நீ போ" என்று அவனை விரட்டினாள். மூன்றாவது அட்டவணையில் ஒரு கூட்டல் உதைத்தது. அவள் பதறினாள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு யோசித்து, "பெண்கள் வார்டுல ரெண்டு படிவத்தை நாம கழிச்சோம்மா, மறந்துட்டீங்களா" என்றார். சரியாக வந்தது. யாரோ வைத்துவிட்டுப் போன டீ ஆறிப்போய்க் கிடந்தது.

நாலு ஐம்பதுக்குத் தளத்தில் கோப்பை ஏற்றினாள். கடைசிப் பக்கத்தில் உறுதிமொழி: இந்த வேலை முழுவதும் கீழே உள்ளவர்களால் மட்டுமே செய்யப்பட்டது. கேப்டனின் கணக்கை மூடிவிட்டதால் கீழே மூன்று பேர்கள். அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், 'வேறு யாராவது பங்களித்திருந்தால் குறிப்பிடவும்' என்று ஒரு கட்டம்.

வெளியாள் செய்த வேலை செல்லாது என்பது அவளுக்குத் தெரியும். போனில் டிப்போ படபடத்தார்: "எதையும் எழுதாதம்மா. மூணு பேரும் மாட்டிக்குவோம்."

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெகு தயக்கத்தோடு கேட்டார்: "பையன் பேர் வருமாம்மா?"

"எடமில்லைங்க ஐயா" என்றாள்.

கட்டம் திரையிலேயே இருந்தது. அவர் அதைப் பார்த்தாரா என்று அவளுக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தினாள். நாலு ஐம்பத்தேழு.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. தேறிவிட்டாள். புருஷன் சந்தோஷத்தில் அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். மேலதிகாரிப் பெண் கட்டிக்கொண்டாள். அன்று மதியமே பெரியவர் தன் சொந்த எண்ணிலிருந்து எழுதினார்: "ரொம்ப சந்தோஷம்மா. அந்த முதல் பக்கத்தை மட்டும் ஒரு தடவை அனுப்ப முடியுமா? அவன் அம்மா பார்க்கணுங்கறா."

முதல் பக்கத்தில் மூன்று பேர்கள்தான் இருந்தன. ஒரு நாள் முழுக்க அவள் பதில் போடவில்லை. பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து, நாலாவதாக அவர் மகனின் முழுப்பெயரைச் சேர்த்து அனுப்பினாள். ஒரு தாய் பார்த்து ஆறுதல் அடையட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

பெரியவர் அதைப் பிரிண்ட் எடுத்துச் சட்டம் போட்டார். அதோடு நிற்கவில்லை. நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டார், மகனுக்கு இறந்தபின் ஒரு சான்றிதழாவது கொடுங்கள் என்று கேட்க. கேட்டவர்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

விசாரணைக்கு மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். பெரியவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். டிப்போவும் மருந்துக்கடையும் முதலில் உள்ளே போய் வந்தார்கள். வாசலில் இவள் முகத்தைப் பார்க்காமல் கடந்தார்கள். மேசைக்குப் பின்னால் பேராசிரியையும் பரீட்சை அதிகாரியும். முன்னால் இரண்டு முதல் பக்கங்கள், பக்கத்தில் பக்கத்தில்.

அதிகாரி கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "பாருங்கம்மா. அந்தப் பெரியவர் எல்லாத்தையும் தான்தான் செஞ்சேங்கறார். பையன் போன துக்கத்துல புத்தி கலங்கிப் பேசறார்னு நாங்க நினைக்கிறோம். உங்க கூட்டாளிங்க ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க. நீங்களும் ஆமான்னு சொன்னா இதை இத்தோட மூடிடலாம். அவர் மேலயும் எந்த நடவடிக்கையும் வராது."

பேராசிரியை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு 'ஆமா' போதும். அவருக்கும் நல்லது என்றுதானே சொல்கிறார்கள்? அவள் வாயைத் திறந்தாள். கதவின் கண்ணாடி வழியே, வெளியே பெஞ்சில் நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு மாணவனுக்கு நோட்டைத் திறந்து விரலால் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் புத்தி தெளிவாத்தான் இருக்கு சார்" என்றாள். "எங்க நாலு பேர்ல அவருக்குத்தான் அந்தப் பாடம் புரிஞ்சுது. எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். பேர் எழுத அங்க எடம் இருந்துது. நான்தான் எழுதல."

பேராசிரியை திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

பதினைந்து நாளில் கடிதம் வந்தது. மூவரின் மதிப்பெண்ணும் ரத்து. டிப்போவும் மருந்துக்கடையும் அடுத்த வருஷம் மறுபடி சேரலாம். அவளுடைய காலக்கெடு முடிந்துவிட்டதால் சேர்க்கை நீக்கப்படுகிறது. ஆள்மாறாட்டம் பற்றிப் பெரியவருக்குத் தனியாக எச்சரிக்கை. சான்றிதழைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

குழுவிலிருந்து முதலில் டிப்போ வெளியேறினார். மருந்துக்கடை மட்டும் வெளியேறும் முன் எழுதினாள்: "உங்களுக்கு நல்லவளா இருக்கணும்னு தோணிச்சு. நான் என் வீட்ல என்ன சொல்வேன்?" அதில் நியாயம் இருந்தது.

புருஷன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். "அவங்க கேட்ட மாதிரி ஒரு 'ஆமா' சொல்லியிருக்கலாமே" என்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது பெரியவர் கூப்பிட்டார். பின்னால் நீராவி சீறும் சத்தம்.

"எனக்குக் கடிதம் வந்துச்சும்மா. உங்களுக்கு?"

"வந்துச்சு ஐயா."

"என்ன போட்டிருக்காங்க?"

சொன்னாள். முழுதும் சொன்னாள், கட்டம் இருந்ததையும் சேர்த்து. மறுமுனையில் அவர் இயந்திரத்தை அணைக்கும் சத்தம் கேட்டது.

"நான் அங்க போயிருக்கக் கூடாது, இல்லம்மா?"

ஆமாம் என்றும் வாய் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. அவள் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. காதில் போனை அழுத்திக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். அவரும் வைக்கவில்லை.