பெட்டிக்குக் கீழே குளிர்ந்த தரை

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள்: நான், என் அக்கா யோன்ஹ்வா, என்னோடு வீட்டைப் பகிர்ந்திருக்கும் சங்தே, மரப்பெட்டிக்குள் நான் வளர்க்கும் ஒரு சோளப்பாம்பு. பாம்பை மட்டும்தான் நான் சந்தேகப்படவில்லை.

பெட்டி நானே செய்தது. யாரோ தெருவில் போட்டிருந்த அலமாரியை அறுத்து, முன்பக்கம் கண்ணாடி வைத்தேன். அடிப்பலகையைக் கழற்றிவிட்டு ஒரு பக்கம் கருங்கல் பலகை பதித்தேன். விளக்கு, சூட்டுப்பாய் எதுவும் வாங்கவில்லை. கொரியாவில், இந்த வொஞ்சு ஊரின் ஜனவரிக் குளிரில் நாங்கள் உயிரோடு இருப்பதே தரைக்கு அடியில் ஓடும் சுடுதண்ணீர்க் குழாயால்தான். அது பாம்புக்கும் போதும் என்று நினைத்தேன். போதவும் செய்தது. மாலையில் கல்மேல் ஒட்டிய வெப்பமானி முப்பது டிகிரி காட்டும்.

இரவு வேலை முடிந்து காலையில் வந்தால் பதினெட்டு. கதவோரச் சுவரில், குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் பாய்லரை அணைக்கும் 'வெளியே' பொத்தானில் சிவப்பு விளக்கு எரியும். தின்ற எலியைப் பாம்பு இரண்டு முறை கக்கிவிட்டது. மூன்றாவது முறை கக்கினால் பிழைக்காது என்று பாம்பு விற்ற கடைக்காரர் சொல்லிவிட்டார். மூன்றாவது எலியை நேற்றுதான் கொடுத்திருந்தேன். இன்று காலையும் பதினெட்டுதான். இன்னும் கக்கவில்லை.

"நேத்து ராத்திரியும் அமுக்கியிருக்க," என்றேன் சங்தேயிடம்.

"அண்ணே, சத்தியமா நான் தொடல."

"தரை ஐஸ் மாதிரி கெடந்திருக்கு. உனக்குத் தெரியலையா?"

"நான் கட்டில்ல கரண்ட் பாய் போட்டுப் படுக்கறேன். தரை எப்படிக் கெடந்தா எனக்கென்ன?"

"அதான் சொல்றேன். உனக்குத் தரைச்சூடு தேவையே இல்ல. பாம்பையும் பிடிக்காது."

"பிடிக்காதுதான். அதுக்காகக் கொல்லுவேனா? ஒரு விளக்கு வாங்கிப் போடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்? கேட்டீங்களா?"

அக்கா கிம்ச்சி ஊறுகாய் டப்பாவைக் குளிர்பெட்டிக்குள் திணித்துக்கொண்டே சிரித்தாள். கதவுப் பூட்டைத் திறக்கும் எண் அவளுக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை நான் கிளம்பிய பிறகு வந்து போயிருக்கிறாள்.

"நீயும்தான் செவ்வாய்க்கிழம வந்த," என்றேன்.

"ஆமாடா, முள்ளங்கி குடுத்துட்டு பாம்புக்குக் குளிர் வச்சிட்டுப் போனேன். போலீஸக் கூப்பிடு."

"விளையாடாத அக்கா. வர்றப்பவே பொத்தான் எரிஞ்சுதா?"

"நான் செருப்பே கழட்டல. யாரு பார்த்தா?"

சங்தே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தான். குற்றம் செய்தவன் அப்படித்தான் உட்காருவான் என்று எனக்குத் தோன்றியது. அக்கா அவனைப் பார்க்காமல் இருந்ததும் கண்ணில் பட்டது. இரண்டு பேரும் சேர்ந்தே செய்திருக்கலாம்.

பெட்டியைப் பார்த்தேன். கல்லில் முப்பது. பாம்பு அதன்மேல் சுருண்டிருந்தது. வயிற்றில் எலியின் புடைப்பு.

பார்சல் கிடங்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. கதவடிக்குப் போய் காலணியை மாட்டினேன். வலது காலுக்கு நாடா கட்டினேன். இடது காலுக்குக் கட்டினேன். எழுந்தேன்.

பீப்.

என் கட்டைவிரல் சுவரில் இருந்தது. அதற்குக் கீழே சிவப்பு விளக்கு.

"அம்மா அடிச்சுச் சொல்லிக்குடுத்தது," என்றாள் அக்கா மெதுவாக. "செருப்புப் போட்டா பொத்தான். மறந்தா முதுகுல ஒண்ணு."

எட்டு வருடம் தனியாக இருந்தவன் நான். கிளம்பினால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். சங்தே வந்ததும் பாம்பு வந்ததும் இந்தக் குளிர்காலத்தில்தான். விரலுக்கு அது தெரியவில்லை.

"சங்தே..." என்றேன்.

"வேலைக்குப் போங்க, அண்ணே."

"இல்ல, நான் வந்து..."

"மூணு வாரமா என்னைத் திருடன் மாதிரி பார்த்தீங்க. இப்ப எதுவும் சொல்ல வேணாம். பாம்புக்கு இந்த வீட்ல ஒரே ஆபத்து நீங்கதான். வெளிய போங்க."

அவன் வந்து என் விரலைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டான். முரட்டுத்தனம் இல்லை. மரியாதையும் இல்லை. பையை என் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். அக்கா தடுக்கவில்லை.

படிக்கட்டில் நின்றேன். உள்ளே மறுபடி ஒரு பீப் கேட்டது. பால்கனிப் பக்கம் பாய்லர் பற்றிக்கொண்டு உறுமியது. கதவு மூடியது. பூட்டு தானாக விழுந்தது. எண் போட்டாலும் திறக்க முடியாத உள்தாழ்ப்பாளை, அதற்குமேல் சங்தே கையால் இழுத்துப் போட்டான்.