அண்ணன் பேரில் ஒரு மாலை

ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்ததும் வாசலில் நின்ற நாலைந்து பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். சுலோசனா மட்டும் தெருமுனையைப் பார்த்தாள். ஒரு ஈ காக்கை இல்லை. மேளக்காரர்கள் நெருப்பு மூட்டிப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எதிர்கொண்டு அழைத்து வர ஆள் வந்தால்தானே அடிப்பதற்கு?

"மெதுவா எறக்குங்கப்பா. தலை இடிச்சிக்கப் போவுது," என்றாள்.

சிவப்பிரகாசம் அவளுக்கு ஒரே அண்ணன். பம்பாயில் ஒரு பெரிய நிதி நிறுவனத்தில் வைஸ் பிரசிடெண்ட். முந்தின நாள் காலை மீட்டிங்கில் பேசிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. ஐம்பதுகூட ஆகவில்லை பாவிக்கு. பம்பாயிலேயே தகனத்தை முடித்துவிடலாம் என்றுதான் அண்ணி கீதாஞ்சலி சொன்னாள். சுலோசனாதான் போனில் அழுது அடம்பிடித்தாள்.

"இங்க கொண்டாந்துடுங்க அண்ணி. ஊரே திரண்டு வரும்."

சொல்லிவிட்டாள். இப்போது மறுபடியும் தெருமுனையைப் பார்த்தாள். அவர்கள் தெருவில் சாவுக்கு ஒரு முறை உண்டு. யார் வீட்டுச் சாவுக்கு நீ போய் நின்றாயோ, அந்த வீட்டார்தான் உன் பாடைக்குத் தோள் கொடுப்பார்கள். அப்பா அப்படிப் போனவர். உப்பளத்தில் எந்த வேலை கிடந்தாலும் போட்டது போட்டபடி கிளம்பிவிடுவார். அவர் செத்தபோது தெரு கொள்ளவில்லை. அண்ணன் அன்றைக்கு வந்து கொள்ளி வைத்துவிட்டு, பொழுது சாயும் முன்பே ஆபீஸ் ஜீப்பில் ஏறினார். "உங்கப்பன் போன வூட்டுக்கெல்லாம் இனிமே நீதாம்பா வரணும்," என்று உப்பள மேஸ்திரி வெங்கடாசலம் சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டே ஏறினார்.

எங்கே வருவது? திண்டிவனத்தில் டிராக்டர் கடன் வசூலிக்க சைக்கிள் மிதித்தவர், பெருமுக்கல் சித்தப்பா செத்தபோது வேலூரில் பிராஞ்ச் மேனேஜர். மார்ச் மாசக் கணக்கு முடிப்பு. மேஸ்திரியின் பெண்சாதி போனபோது கோயம்புத்தூரில் ஏரியா மேனேஜர். ஆடிட். அப்புறம் மெட்ராஸ், அப்புறம் பம்பாய். சாவு என்ன லீவு பார்த்தா வருகிறது? அண்ணன் கெட்டவர் இல்லை. "அடுத்த தடவை கண்டிப்பா வர்றேன் சுலோ," என்பார். மனசாரத்தான் சொல்வார்.

பெருமுக்கல் சாவுக்குத்தான் அவள் முதன்முதலாக அந்தக் காரியத்தைச் செய்தாள். பஸ் ஸ்டாண்டுப் பூக்காரி குப்பம்மாளிடம் தன் உப்பளக் கூலியில் ஒரு ரோஜா மாலை வாங்கிப் போய்ப் போட்டாள். "எங்க அண்ணன் அனுப்பிச்சாரு. வர முடியல. ஆபீஸ்ல விடல," என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. "மாலை வந்துடுச்சுன்னு சொல்லிடும்மா," என்றார்கள் அந்த வீட்டார். அதற்கப்புறம் ஒரு சாவு விட்டதில்லை. அண்ணனுக்கும் தெரியாது. தெரிந்தவள் குப்பம்மாள் ஒருத்திதான்.

மாலையை ஏற்றுக்கொண்டவர்கள், வராத மனுஷனுக்காக வருவார்களா?

கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் மலர்வளையத்தோடு காரிலிருந்து இறங்கினார்கள். "சார் மாதிரி உழைக்க யாராலயும் முடியாதும்மா. லீவே போட மாட்டார்," என்றான் ஒருவன். பெருமையாகத்தான் சொன்னான். சுலோசனாவுக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

கீதாஞ்சலி காலித் தெருவைப் பார்த்தாள். "யாருமே வரலையே சுலோசனா?"

பதில் சொல்லுமுன் பறை அதிர்ந்தது.

முதலில் வந்தவன் மீனவக் குப்பத்துப் பக்கிரி, அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். பின்னால் அவன் ஆட்கள். மாலையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். "சுனாமியில எம் பொண்ணு போனப்போ பம்பாயிலேர்ந்து மாலை அனுப்பிச்சான் என் கூட்டாளி. கும்பலா பொதைச்ச எடத்துல அந்த ஒத்த மாலைதாம்மா கெடந்துது."

அவனுக்குப் பின்னால் தெரு நிறைந்தது. உப்பு வாரிய கையோடு, முழங்கால்வரை வெளுத்த கால்களோடு வந்தார்கள். காலையில் உப்பு வாரும் நேரம் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? பயத்தில் அதுகூட மறந்துபோயிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மாலையைச் சொன்னார்கள். எங்கப்பாவுக்கு வந்துச்சு. எங்க மாமியாவுக்கு வந்துச்சு.

முந்தின நாளிலிருந்து கல்லாக இருந்த கீதாஞ்சலி அப்போதுதான் உடைந்தாள். சுலோசனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. யாருக்கும் நேரமே ஒதுக்காத மனுஷன்னு நானே எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? இப்படியெல்லாம் செஞ்சாரா சுலோசனா?"

கூட்டத்தின் ஓரத்தில் குப்பம்மாள் நின்றிருந்தாள். அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஆமாம் அண்ணி," என்றாள் சுலோசனா.

பாடை தயாரானது. உடலை எடுக்கும் நேரத்தில் குப்பம்மாள் கூடையோடு பக்கத்தில் வந்தாள். உள்ளே நல்ல ரோஜா மாலை ஒன்று இருந்தது.

"நீ இன்னும் மாலை போடலியே," என்றாள் மெதுவாக. "துட்டு வேணாம். இது ஒண்ணையாவது உம் பேர்ல போடுடி."

அதுவரை சுலோசனாவுக்கு அது தோன்றவே இல்லை. மாலையை வாங்கிக்கொண்டு போனாள். வழி விட்டார்கள். பறை நின்றது. அண்ணன் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். அவர் நெஞ்சின்மேல் மாலையைச் சரியாகப் பரப்பி வைத்தாள். நிமிர்ந்தாள். சுற்றி நின்ற முகங்கள் எல்லாம் வழக்கம்போல் அவளையே பார்த்தன.

"எங்க அண்ணன் அனுப்பிச்சாரு," என்றாள். "வர முடியல. ஆபீஸ்ல விடல."

ஒருவரும் சிரிக்கவில்லை. கீதாஞ்சலி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள்.

வெங்கடாசலம் மேஸ்திரி தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"வந்துடுச்சுன்னு சொல்லிடும்மா," என்றார். மடித்த துண்டைத் தோளில் வைத்துக்கொண்டு பாடையின் முன்பக்கம் போய்க் குனிந்தார்.