பொங்காத மாவு

தங்கைக்கு வேலை கிடைத்துவிடும் போலிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து பெரியவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வெளியே சொல்ல முடியுமா? பார்க்கிறவர்களிடமெல்லாம், "எப்படியோ அவ சொந்தக் கால்ல நின்னா சரி, எனக்கு அதுதான் வேணும்" என்று சொல்லி வைத்திருந்தாள். சொல்லும்போது கண்கூடக் கலங்கும். உண்மையிலேயே கலங்கும். அந்த வித்தை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கை வந்தது.

சின்னவள் ஒரே ஒரு பெட்டியுடன் வந்து இறங்கியபோது பெரியவள் வீட்டில் பீட்சா வியாபாரம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலைந்து வீடுகள்தான் வாடிக்கை. ஈஸ்ட் போடாமல், மைதாவும் தண்ணீரும் கலந்து தானாகப் புளிக்க விட்ட தாய்மாவில் செய்கிற பீட்சா. அதுதான் பெரியவளின் பெருமை. ஆனால் அவளுக்கு மணிக்கட்டு வலி. மாவை இழுத்து மடிக்க முடியாமல் பாதியில் விட்டுவிடுவாள். பீட்சா அப்பளம் மாதிரி வந்துகொண்டிருந்தது.

புருஷன் வேறொருத்தியுடன் போய்விட்ட துக்கத்தைச் சின்னவள் அந்த மாவில் காட்டினாள். ஒரு மாதத்துக்குள் ஓரமெல்லாம் உப்பி, உள்ளே ஓட்டை ஓட்டையாக, கடித்தால் லேசான புளிப்போடு பீட்சா வர ஆரம்பித்தது. மூன்றாம் மாடி டீச்சர் வாரம் தவறாமல் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டில் ஆட்கள் நின்றார்கள்.

"என்ன மருந்து போடறீங்க?" என்று டீச்சர் கேட்டால், பெரியவள் சிரித்துக்கொண்டே, "எல்லாம் என் பழைய பக்குவம்தான். பிசையறது மட்டும் இவ. பாவம், போக்கிடம் இல்லாதவ, ஏதாவது கைவேலை இருந்தா மனசு ஆறும் இல்லையா?" என்பாள். சின்னவள் காதில் விழும்படிதான் சொல்வாள்.

பெரியவளின் கணவருக்கு நாக்கில் நரம்பில்லை. மேஜையில் உட்கார்ந்து, "மாவுகூட ஆள் பார்த்துத்தான் எழும்பும் போல. உன்கிட்ட படுத்துக் கிடந்தது, தங்கச்சி தொட்டதும் எழுந்து உக்காந்துக்கிச்சு" என்று ஒருநாள் சொன்னார். அன்று அவருக்கு இரண்டாவது துண்டு கிடைக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அடுப்பம்மா வந்து சேர்ந்தாள். இரண்டு தெரு தள்ளி உணவகம் நடத்துகிறவள். கடை நடுவில் செங்கல் அடுப்பு ஒன்றைக் கட்டி வைத்திருந்ததால் எல்லோருக்கும் அவள் அடுப்பம்மா. டீச்சர் வீட்டில் ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு நேராகப் படியேறி வந்து, இதைப் பிசைந்தது யார் என்று கேட்டாள். அவளுடைய மாவுக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டானாம். சின்னவள் தன் வீட்டில் பிசைந்த மாவோடு வந்து, கடை அடுப்பில் பீட்சா போட்டுக் காட்ட வேண்டும். பிடித்தால் வேலை. கடைக்கு மேலே ஒரு அறையும் உண்டு, தனிக் கதவு, தனிப் பூட்டு.

அந்தப் பூட்டு என்ற சொல்லில்தான் சின்னவள் விழுந்தாள். அக்கா வீட்டில் அவள் அறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அக்கா எப்போது வேண்டுமானாலும் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பாள், கட்டிலில் உட்காருவாள், "உன் புருஷன் போட்டோவை இன்னும் வெச்சிருக்கியா, வெக்கமா இல்லை?" என்பாள்.

"எனக்கு இது கிடைச்சா போதும்க்கா, வேற எதுவும் வேண்டாம்" என்றாள் சின்னவள்.

"கிடைக்கும்டி. நான் இருக்கேன்ல" என்றாள் பெரியவள்.

அவள் போய்விட்டால் மாவு பிசைவது யார்? படிக்கட்டில் நிற்கிற கூட்டம் அப்படியே இரண்டு தெரு தள்ளிப் போய் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையில் கை யாருடையது என்று டீச்சரிலிருந்து காவலாளி வரை தெரிந்துவிடும். அதைத்தான் பெரியவளால் விழுங்க முடியவில்லை.

அந்த வீட்டில் தாய்மாவுக்கு ஒரு வழக்கம். கண்ணாடி ஜாடியில் புது மாவும் தண்ணீரும் ஊட்டியதும், மாவு நிற்கிற மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிடுவார்கள். அந்த மட்டத்துக்கு மேல் இரண்டு பங்காகப் பொங்கி வந்தால்தான் எடுத்துப் பிசைய வேண்டும். வெயிலில் சீக்கிரம் பொங்கும், குளிரில் சோம்பேறித்தனம் செய்யும். "கடிகாரத்தைப் பார்க்காதே, ரப்பர் பேண்டைப் பார்" என்று சொல்லிக் கொடுத்ததே பெரியவள்தான். சின்னவள் அதை வேதவாக்காக வைத்திருந்தாள்.

போய்க் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் நல்ல மழை. வீடு முழுக்கச் சில்லென்று இருந்தது. சின்னவள் காலையில் ஜாடிக்கு ஊட்டி, ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு, தக்காளியும், பீட்சா மேல் போடுகிற துளசி போன்ற வாசனை இலையும் வாங்கக் குடையோடு கிளம்பினாள்.

பெரியவள் ஜாடி முன்னால் வந்து நின்றாள். மாவு அசையவே இல்லை. அவள் ரப்பர் பேண்டை விரலால் கீழே தள்ளினாள். மாவு நிற்கிற உயரத்தில் பாதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். கரண்டிக் காம்பை உள்ளே விட்டு நாலு சுற்றுச் சுற்றி நுரை எழுப்பினாள். கண்ணாடியில் ஒட்டிய தீற்றலை ஈரத்துணியால் துடைத்தாள். பிறகு கைகழுவிவிட்டு உட்கார்ந்து டீ குடித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு டீ ருசித்தது.

நனைந்து வந்த சின்னவள் ஜாடியைப் பார்த்து அசந்துபோனாள். இந்தக் குளிரிலா இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டாள். நல்ல காரியத்துக்குன்னு மாவுக்கே தெரிஞ்சிருக்கு என்றாள் அக்கா. பொங்கின மாவு மிதக்குமே, தண்ணீரில் ஒரு சொட்டு மாவை விட்டுப் பார்க்கலாமா என்று இவள் இழுத்தபோது, அதற்குள் பொங்கினது அமுங்கிவிடும், அப்புறம் என் மேல் பழி போடாதே என்று பெரியவள் முகத்தைச் சுளித்தாள். அந்த முகம் சுளித்தால் சின்னவளுக்கு மறுபேச்சு வராது.

பிசைந்தாள். மடித்தாள். காத்திருந்தாள். மாவு கல்லாகக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் வெளியே வைக்கட்டுமா என்றாள். எப்போதும் மிச்ச வேலையை ஃப்ரிட்ஜ்தானே பார்த்துக்கொள்ளும், பதறினால் கை நடுங்கும் என்று சொல்லி, அக்காவே உருண்டைகளை டப்பாவில் அடுக்கி உள்ளே தள்ளினாள்.

மறுநாள் துணைக்கு வருகிறேன் என்று பெரியவளும் நல்ல புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கடைச் சமையலறையில் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். சின்னவள் முதல் உருண்டையை எடுத்துப் பலகையில் வைத்தாள். விரல் நுனியால் அழுத்தியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே காற்றே இல்லை. இழுத்தால் ரப்பர் மாதிரி சுருங்கிக்கொண்டது. நெற்றி வியர்க்க விரித்து, சாஸ் தடவி, சீஸ் தூவி, பலகையிலிருந்து அடுப்புக்குள் தள்ளினாள். வெந்து வந்தபோது ஓரம் எழும்பவே இல்லை. வெளுத்துப்போய்த் தட்டையாகக் கிடந்தது.

அடுப்பம்மா ஒரு துண்டைக் கடித்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள்.

"இதை வாயில போடறதா, கால்ல போட்டு நடக்கறதா?"

நாலு பேரும் சிரித்தார்கள். பாத்திரம் கழுவுகிறவள் அந்தத் துண்டை வாங்கித் தரையில் தட்டிப் பார்த்தாள், சத்தம் வந்தது, இன்னும் சிரித்தார்கள். சின்னவள் இரண்டாவது உருண்டையை எடுத்தாள், அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுக்கப் போனபோது அடுப்பம்மா போதும் என்று கையைக் காட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனாள்.

சின்னவள் தான் சுட்டதில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு, எல்லோரும் பார்க்க, விழுங்க முடியாமல் விழுங்கினாள். பெரியவள் அவள் தோளை அணைத்துக்கொண்டு, அங்கே நின்றவர்களிடம் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க. வீட்டுல நான் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்லத்தான் செய்வா. தனியா விட்டா இப்படித்தான்."

வீட்டுக்குப் படியேறும்போது சின்னவள், எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லையே அக்கா என்றாள். பெரியவளுக்கு அவளைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாக இருந்தது. இரண்டாம் மாடி வருவதற்குள் சரியாகிவிட்டது.

அடுத்த நாள் ஆர்டர்கள் இருந்தன. சின்னவள் முழங்கை வரை மாவோடு நின்றிருந்தபோது மேஜையில் அவள் போன் அடித்தது. அக்கா, யாருன்னு பாரேன் என்றாள். பெரியவள் பார்த்தாள். எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுப்பம்மாதான். "அந்தப் பொண்ணு கையைப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். விரிச்ச விதத்துல குறையில்லை. மாவு பொங்கலை, அவ்வளவுதான். ராத்திரியெல்லாம் எனக்கு மனசு கேக்கலை, சிரிச்சிருக்கக் கூடாது. நாளைக்கு வரச் சொல்லும்மா. என் மாவுல பண்ணிக் காட்டட்டும். அறையைக்கூடப் பெருக்கி வெச்சுட்டேன்."

பெரியவள் தெருவைப் பார்த்தாள். மழை விட்டிருந்தது.

"நீங்க நல்லா இருக்கணும். ஆனா அவ இப்ப இங்க இல்லையே. புருஷன் வந்து அழுது கூட்டிக்கிட்டுப் போயிட்டான். அவளும் இந்த வேலையெல்லாம் இனிமே வேண்டாம்னுட்டா. போனைக்கூட விட்டுட்டுப் போயிட்டா, பாருங்க."

சந்தோஷம், நல்லா வாழட்டும் என்று அடுப்பம்மா வைத்துவிட்டாள். பெரியவள் அந்த நம்பரை அழித்தாள். அதிலிருந்து மறுபடி அழைப்பு வராதபடியும் செய்துவிட்டு உள்ளே வந்தாள்.

"யாருக்கா?"

"அடுப்பம்மா. வேற ஆள் போட்டாச்சாம். இனிமே அந்தப் பக்கம் வந்து நிக்காதேன்னு சொல்லத்தான் கூப்பிட்டிருக்கா. நான் நல்லா குடுத்தேன். என் தங்கச்சியைச் சொல்ல இவ யாரு?"

சின்னவள் தலையைக் குனிந்து உருண்டை பிடித்தாள். கண்ணீரைத் துடைக்கப் போய்க் கன்னமெல்லாம் மாவாயிற்று.

"எனக்காக நீ அவகிட்ட பேச்சு வாங்கினியேக்கா. நான் இனிமே எங்கயும் போகலை. இங்கயே இருந்துடறேன்."

"இரு. யாரு உன்னைப் போகச் சொன்னா?" பெரியவள் ஓர் உருண்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள். "ஆனா ஒண்ணு. ஆர்டர் கூடிக்கிட்டே போகுது, பெரிய ஃப்ரிட்ஜ் ஒண்ணு சொல்லியிருக்கேன். உன் ரூம்லதான் வைக்கணும், வேற இடம் ஏது? நீ ஹால்ல படுத்துக்கலாம்."

அந்த ஃப்ரிட்ஜுக்கு அவள் சொல்லி வைத்தது அடுப்பம்மா படியேறி வந்த வாரமே.

"சரிக்கா" என்றாள் சின்னவள். ஈரத்துணியை எடுத்து உருண்டைகளை மூடினாள். "ரூமை எப்ப காலி பண்ணணும்?"

"அவசரமே இல்லை" என்றாள் பெரியவள். "சாயங்காலம்தான் வருது."