என்னமோ சரியாப் படலை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேட்பதைவிட அது மரியாதை. இது என் வீட்டுக்காரரிடமிருந்து, அதாவது என் கணவரிடமிருந்து, வந்தது.

சில வருடங்களுக்கு முன் நாங்கள் வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். ஒரு வீடு எல்லா விதத்திலும் பொருந்தியது. நல்ல வெளிச்சம், நல்ல தண்ணீர், மாடியில் குடியிருக்காத ஓனர். என் வீட்டுக்காரர் கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மூக்கைச் சொறிந்துகொண்டார். "என்னமோ சரியாப் படலை" என்றார்.

"என்ன சரியாப் படலை?"

"அதான் சொல்றேனே. என்னமோ."

கடன்காரனிடம்கூட வாதாடலாம், இந்த 'என்னமோ'விடம் முடியாது. விட்டுவிட்டோம். அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் வந்தது. நன்றாக இருக்கிறார்கள், பால்கனி நிறைய ரோஜாத் தொட்டி. நாங்கள் பிடித்த வீட்டில் மழை வந்தால் மூன்று இடத்தில் வாளி வைக்கிறோம். ஆனாலும் அந்தத் தெருவைக் கடக்கும்போதெல்லாம் அவர் பெருமூச்சு விட்டு, "நல்ல வேளை, தப்பிச்சோம்" என்கிறார்.

எதிலிருந்து தப்பித்தோம் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். அது இன்னும் தெரியவில்லை. அதற்குள் கதைக்குள் வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

(அ) வானம் இருண்டு கிடந்த அந்தக் காலையில், பட்சி மேடத்தின் உள்ளத்திலும் ஏதோ ஒன்று இருண்டு—

வேண்டாம். அன்றைக்கு நல்ல வெயில். வானத்துக்கு வேறு வேலை இருக்கிறது.

(ஆ) பட்சி மேடத்தின் கணிப்பு ஒருநாளும் தவறியதில்லை என்று ஆபீஸ் முழுக்க—

இது பொய். கதையில் பொய் சொல்லலாம், ஆனால் மூன்றாவது பத்தி வரையாவது பொறுக்க வேண்டும்.

(இ) கார்க் கதவைச் சாத்திய விதத்திலேயே, பட்சி மேடத்துக்கு என்னமோ சரியாகப் படவில்லை.

இது தேவலாம். இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

3

பட்சி மேடம் லைசென்ஸ் ஆபீஸில் டெஸ்ட் எடுக்கும் இன்ஸ்பெக்டர். கார் ஓட்டிக் காட்ட வருகிறவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, பாஸ் அல்லது ஃபெயில் என்று எழுதுவது அவர் வேலை. எதைக் கேட்டாலும் "பட்சி சொல்லுது" என்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"வண்டி ஓட்டுறதை எல்லாரும்தான் பாக்கறாங்க. நான் கதவைச் சாத்துறதைப் பாப்பேன். அதுலயே ஆள் தெரிஞ்சுடும்" என்பது அவருடைய சித்தாந்தம்.

(குறிப்பு: இது என்ன பட்சி என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. காக்கையா, கிளியா, எங்கே கூடு கட்டியிருக்கிறது, முட்டை இடுமா? மனுஷன் பேச்சை நம்பாதவர்கள்கூடப் பட்சியின் பேச்சை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.)

பட்சியின் புகழுக்குக் காரணம் ஒரு மீசைக்காரர். வெண்ணெய் மாதிரி ஓட்டினாராம். பட்சி வேண்டாம் என்றது, மேடம் ஃபெயில் போட்டார். மறுநாள் அதே மீசைக்காரர் பழகுகிற வண்டியோடு ஒரு டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி நின்றார். நல்ல வேளை, பெஞ்சில் ஆள் இல்லை. பக்கத்து டிராக் இன்ஸ்பெக்டர் இந்தக் கதையைச் சொல்லாத நாளில்லை.

இங்கே நான் கொஞ்சம் மூக்கை நுழைக்கிறேன். மேடம் பாஸ் போட்டவர்கள் எங்கேயாவது மோதினால், "அன்னைக்குப் பட்சிக்கு ஜலதோஷம்" என்று சிரித்துவிடுவார்கள். சரி. ஃபெயில் போட்டவர்கள்? மீசைக்காரரை விடுங்கள். மற்றவர்கள் கையில் லைசென்ஸ் இல்லை, வண்டி ஓட்டவில்லை. ஓட்டாதவன் எப்படி மோதுவான்? அவன் மோதவில்லை என்பதும் பட்சியின் கணக்கில்தான் வரவு. தப்பே தெரியாதபடி தப்புச் செய்ய வசதியான நாற்காலி அது. என் வீட்டுக்காரருக்கும் அப்படி ஒரு நாற்காலி இருக்கிறது, கூடத்தில், வாளிக்குப் பக்கத்தில்.

4

இனி வேன் அக்கா.

ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவள் வேலை. பல வருடமாக அதே வேன். டிரைவர் கண்ணில் புரை விழுந்து வேலையை விடுகிறார். லைசென்ஸ் எடுத்துவிட்டால் அந்த இடம் அவளுக்கு, இல்லாவிட்டால் திங்கட்கிழமை வேறு ஆள் வந்துவிடுவார், அவர் தன் மனைவியையே பிள்ளைகளை ஏற்றி இறக்கக் கூட்டி வருகிறாராம். ஆக, பாஸ் என்றால் டிரைவர் வேலை. ஃபெயில் என்றால் இருக்கிற வேலையும் போச்சு.

முதல் வரைவில் அவள் வாயில் ஒரு சூயிங்கத்தைப் போட்டிருந்தேன். மென்றுகொண்டே வந்தாள். எனக்கே பிடிக்கவில்லை, உங்களுக்கும் பிடித்திருக்காது. இரண்டாவது வரைவில் சூயிங்கத்தை எடுத்துவிட்டு, தைத்துத் தைத்து ஒட்டுப்போட்ட ஒரு தோள்பையை மாட்டிவிட்டேன். அவ்வளவுதான், நீங்கள் அங்கேயே பாஸ் போட்டிருப்பீர்கள். பைக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்? இரண்டையும் எடுத்துவிட்டேன். இப்போது அவளிடம் பையும் இல்லை, சூயிங்கமும் இல்லை.

(இன்னொன்று கவனித்தீர்களா? இன்ஸ்பெக்டருக்கு 'அவர்' போட்டேன், வேன் அக்காவுக்கு 'அவள்' போட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, கை தானாகப் போட்டது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நம் மொழியில் ஓர் ஆளைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்குள் தீர்ப்பு எழுதிவிட வேண்டியிருக்கிறது. இனிமேல் இவரும் 'அவர்'தான். குழப்பம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

5

இது வேன் அக்காவுக்கு இரண்டாவது டெஸ்ட். போன மாதம் முதல் டெஸ்டில் ஃபெயில் போட்டதும் பட்சி மேடம்தான்.

வேன் அக்கா கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாத்தினார். சரியாகச் சாத்தவில்லை என்று மறுபடி திறந்து, இன்னொரு தடவை சாத்தினார். பட்சி சிறகடித்தது.

"கிளம்பலாமா மேடம்?"

"ம்."

வண்டி நகர்ந்தது. கிளட்சை விடுவதில் ஒரு குலுக்கல் இல்லை. மேட்டில் நிறுத்தி எடுத்தபோது வண்டி ஒரு விரல் அளவுகூடப் பின்னால் வரவில்லை. ரிவர்ஸில் கம்பங்களுக்கு நடுவே, ஊசியில் நூல் கோப்பது போல, கொண்டுபோய் நிறுத்தினார்.

"போன தடவையும் இப்படித்தான் மேடம் ஓட்டுனேன். ஏன் ஃபெயில்னு நீங்க சொல்லவே இல்ல."

"கவனம் போதாதுன்னு எழுதியிருந்தேனே."

"எதுல கவனம் போதாதுன்னு சொன்னா, அதைத் திருத்திக்குவேன். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்துட்டேன். பிடிபடல."

மேடத்துக்கும் பிடிபடவில்லை. தாளில் 'கவனம் போதாது' என்று எழுதியது, 'என்னமோ சரியாப் படலை' என்று எழுதக் கட்டம் இல்லாததால்தான். இப்போதும் அதே சங்கடம்தான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் இந்தப் பெண்மணி பக்கத்தில் இருக்கும்போது யாரோ தன்னை எடை போடுவது போலக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு இடது வளைவிலும் வேன் அக்கா முகத்தை முழுதாகத் திருப்பி, இவர் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு—

அப்போதுதான் மேடத்துக்குப் பொறி தட்டியது. நாத்தனார்!

6

பட்சி மேடத்தின் நாத்தனாரைப் பற்றி ஒரு தனி நாவல் எழுதலாம். இந்தக் கதைக்கு ஒரே விஷயம் போதும். வீட்டுக்கு வந்தால் அவர் கண்ணை மட்டும் ஓட்டமாட்டார், முழு முகத்தையும் திருப்பி ஆளை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இளைச்சுட்டியா, இல்ல புடவை அப்படியா?" என்பார். இருபது வருடமாக அந்தப் பார்வை பட்டதும் மேடம் புடவையை இழுத்துவிட்டுக்கொள்கிறார்.

ஆக, பட்சி என்பது பட்சியே இல்லை. நாத்தனார்தான் இறக்கையை மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

மேடத்துக்கு முகம் சுட்டது. யாரோ ஒரு பெண், தன் நாத்தனார் மாதிரி பார்த்தார் என்பதற்காக ஒரு மாதத் தூக்கத்தை இழந்திருக்கிறார். மீசைக்காரர் யார் மாதிரி இருந்தார்? யோசித்தார். கணக்கு வாத்தியார் மாதிரி. இன்னும் எத்தனை பேரை எத்தனை உறவுக்காரர்களுக்காக ஃபெயில் போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது.

7

இங்கே கதையை முடித்துவிடலாம். முடித்தும் பார்த்தேன்.

முடிவு ஒன்று: மேடம் கண் கலங்கி பாஸ் போடுகிறார். வேன் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். அன்றைக்கு மாலையே மேடம் நாத்தனாருக்கு ஃபோன் போட்டு— இல்லை, இது ரொம்ப இனிப்பு.

முடிவு இரண்டு: மேடம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஃபெயில் போடுகிறார். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னோடு பேசமாட்டீர்கள்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். முதல் முடிவைப் படித்துவிட்டு, மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"என்னமோ சரியாப் படலை."

"ஆரம்பிச்சுட்டீங்களா! என்ன சரியாப் படலை?"

இந்தத் தடவை அவர் யோசித்தார். அதுவே பெரிய விஷயம்.

"அந்தம்மா நாத்தனார் மாதிரி திரும்பிச்சுங்கறதெல்லாம் சரி. அதுக்கு நாத்தனாரைத் தெரியாதே. அது ஏன் திரும்பிச்சு?"

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். மனுஷர் வீட்டு விஷயத்தில் என்னைக் கொன்றாலும், இதில் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். மேடத்துக்கு ஏன் கூச்சமாக இருந்தது என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், அந்த முகம் ஏன் திரும்பியது என்று நானும் கேட்கவில்லை, மேடமும் கேட்கவில்லை. பட்சி கூவினதற்கு ஓர் அசட்டுக் காரணம் கிடைத்துவிட்டால், தோட்டத்தில் திருடன் இல்லை என்று ஆகிவிடுமா?

8

ஆகவே மேடத்தை மறுபடி, டெஸ்ட் முடிந்து நிற்கும் காரில் உட்கார வைக்கிறேன். பேனா 'பாஸ்' கட்டத்தின் மேல் இருக்கிறது. அங்கேயே நிற்கட்டும்.

வலது பக்கம் திரும்பும்போது வேன் அக்கா எப்படிப் பார்த்தார்? மேடம் நினைவுபடுத்திப் பார்த்தார். கண்ணை மட்டும் ஓட்டினார். கழுத்து அசையவே இல்லை. இடது பக்கம் மட்டும்தான் முழு முகம். இரண்டு டெஸ்டிலும் அப்படித்தான்.

"நீங்க லெஃப்ட்ல மட்டும் ஏன் முழுசாத் திரும்புறீங்க?"

வேன் அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்படியா திரும்புறேன்?" என்றார். பிறகு கொஞ்சம் சிரித்தார். "வேன் கதவு அந்தப் பக்கம்தானே மேடம். பிள்ளைங்க அங்கதான் இறங்கும். இறங்கின பிள்ளை ஒண்ணு செருப்பு மாட்டிக்கிட்டு சக்கரத்துக்கிட்டயே நிக்கும். கண்ணாடியில தெரியாது. எட்டிப் பாத்தாத்தான் தெரியும். பழக்கமாயிடுச்சு."

நல்ல பதில். இதைவிட நல்ல டிரைவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கிடைப்பாரா? இந்த வேலையை இவருக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது?

ஆனால் இடது கண்ணில் பார்வை மங்கியவரும் இப்படித்தான் திரும்புவார். வலது கண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோக முழு முகத்தையும் திருப்பித்தான் ஆகவேண்டும். பக்கத்திலேயே ஒரு டிரைவர் கண்ணில் புரை விழுந்து வேலையை விடுவதைப் பார்த்த ஒருவர், தன் கண்ணைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கமாட்டார். கண் சரி என்று டாக்டர் சர்டிபிகேட் இருக்கிறதே என்பீர்கள். மேடம் அந்த டாக்டரை அறிவார். வரிசையில் நிற்பவர்களுக்குத் தலை நிமிராமல் கையெழுத்துப் போடுகிறவர்.

இரண்டும் பொருந்துகிறது. ஒரே கழுத்துதான். ஒரு பக்கம் பார்த்தால் அந்தப் பிள்ளைகளின் பாக்கியம், இன்னொரு பக்கம் பார்த்தால், செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஒரு பிள்ளை. மேடம் வாழ்க்கையில் முதல் முறையாகப் பட்சியிடம் கேட்காமல், தானே யோசித்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைக் கணித்துச் சொல்ல எதற்கு மெனக்கெட வேண்டும் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. ரொம்ப எளிய வழி ஒன்று இருந்தது.

எதிரே, மைதானத்தின் கோடியில், ஒரு தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு, அந்த லாரி நம்பரைப் படிங்க."

வேன் அக்கா லாரியைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார்.

"எந்தக் கண்ணை மேடம்?"

9

யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். மறைக்க ஒன்றும் இல்லாதவர் கேட்பார். மறைக்க இருப்பவரும், மேடம் எந்தக் கண்ணைச் சொல்லப்போகிறாரோ என்ற பதைப்பில் கேட்பார். குரல் எப்படி இருந்தது, கேட்பதற்கு முன்பே எந்தக் கை லேசாக உயர்ந்தது என்றெல்லாம் எழுதினேன். மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் அடித்தேன். உயர்ந்த கையை வைத்துக்கொண்டு நீங்கள் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள்.

மேடம் "ரெண்டையும், ஒண்ணொண்ணா" என்று சொன்னார். அதுவரை எனக்குத் தெரியும். வேன் அக்கா வலது உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார்.   மேடம் பேனாவைக் கட்டத்தின் மேலிருந்து எடுத்துக்கொண்டார்.

இதற்கு மேல் நான் எழுதவில்லை. லாரியின் நம்பரையும் சொல்லப்போவதில்லை. அவர் பாஸா, ஃபெயிலா என்று உங்களுக்கு இந்நேரம் ஏதோ ஒன்று பட்டிருக்கும். நிச்சயமாகவே பட்டிருக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். அவர் இன்னும் படிக்க ஆரம்பிக்கவே இல்லை.