கனவில் துருப்பிடிக்கும் துப்பாக்கி

1

இந்தக் கதை ஒரு புட்டுப் பானையின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கடல் கடந்து வந்து குடியேறிய நார்த்மீட்டில், என் பக்கத்து வீட்டுக் குசினியில், ஒரு சனிக்கிழமை காலை. இரவல் வாங்கிய கிண்ணம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். (பொய். ஊர்வம்பு அறிய, புதினம் பார்க்கப் போயிருந்தேன். அதற்கென்றே என்னிடம் எப்போதும் யாருடையதாவது ஒரு கிண்ணம் இருக்கும்.)

நான் எழுதிய முதல் தொடக்கம்: "மிருணாளினி துப்பாக்கி விற்பவள்." அடித்துவிட்டேன். அந்த வீட்டுப் பிள்ளை ஒன்றைத் தொட்டதுகூட இல்லை. பரமட்டாவில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் இருந்துகொண்டு, எந்தக் கைத்துப்பாக்கி இந்த வருடம் ஆட்களுக்குப் பிடிக்கிறது, எது பிடிக்காமல் போகிறது என்று கணினியில் கோடு கீறுகிறவள். வெளியில் சொல்வது "ஸ்போர்ட்ஸ் சாமான்". அதைக் காலில் போடும் சப்பாத்து என்று விளங்கித் தெரு முழுக்கச் சொன்னது நான்.

2

இரண்டாவது தொடக்கம் அவளுடைய கனவு. முடிவே இல்லாத ஒரு கடை. சப்பாத்து அடுக்கியதுபோலக் கைத்துப்பாக்கிகள். கிளப்பில் குறிபார்த்துச் சுடுகிறவர்கள் ஒவ்வொன்றாய் எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று அழகு பார்க்கிறார்கள். ரிவோல்வர்களை ஒருவரும் தொடுவதில்லை. அவை மெல்ல மங்கிச் சுவரோடு சுவராகின்றன. பாரமில்லாத பிளாஸ்ரிக் உடல் துப்பாக்கிகள் நிறம் மாறிக்கொண்டேயிருக்கின்றன. அப்போது, பழைய இரும்புத் துப்பாக்கி ஒன்று, தானாகவே, முன்வரிசைக்கு நகர்ந்து

இந்தக் கனவை அவள் கண்டாளா என்று சத்தியமாய்த் தெரியாது. அறிக்கை தெரியும். மேசையில் கிடந்ததைத் தலைகீழாகவே வாசித்து முடித்தேன். பாரமான பழைய இரும்பு மொடல்களுக்குத் திரும்பவும் கிராக்கி. சுடும்போது கையில் உதைப்புக் குறைவாம். பழைய தோற்றம் இளம் ஆட்களுக்குப் பிடிக்கிறதாம். கோடு மேலேறுகிறது. திங்கட்கிழமை அவள் இதை மேலிடத்துக்கு விளக்க வேண்டும்.

3

அவளுடைய தகப்பன் தேவராஜா அண்ணை, மேசை பழுதாகாமல் இருக்க, அறிக்கையோடு கிடந்த படம் போட்ட விலைப்பட்டியலின் மேல் சூடான பானையை வைத்திருந்தார். எனக்குப் புட்டுப் போடப் பானையைத் தூக்கினார். ஈரத்தில் ஒரு தாளும் கூடவே வந்தது. உரித்துப் பார்த்தார்.

"பிள்ளை, உது என்ன?"

"வேலைச் சாமான், அப்பா."

"சப்பாத்துக் கொம்பனி எண்டெல்லோ யோகா சொன்னவ?"

"யோகா அன்ரி சொல்லாதது என்ன இருக்கு?"

(நான் புட்டைப் பார்த்தேன்.)

அண்ணை ஒரு படத்தில் விரலை வைத்தார். "இதுதான். இதே பிடி. எண்பத்தொன்பதில, ஊரில, எங்கட கேற்றடியில, என்ர நெத்தியில வைச்சவங்கள்."*

கோபமில்லை. மழை வருமா என்று கேட்கிற குரல்தான்.

"இண்டைக்கும் கனவில வரும். முந்திப் பளபளவெண்டு வந்தது. இஞ்ச வந்தாப்பிறகு அதுக்கும் வயசு போட்டுது. போன கிழமை துருப்பிடிச்சுக் கிடந்தது, பிள்ளை. அண்டைக்குத்தான் நான் விடியுமட்டும் நித்திரை கொண்டனான்."

பிறகு கேட்டார்: "பழைய மொடல்தானே? உதை இப்ப ஒருத்தரும் வாங்கிறேல்லையே?"

* வைத்தது யார் என்று எழுதிப் பார்த்தேன். எந்த இயக்கத்தின், எந்தப் படையின் பெயரை எழுதினாலும் ஒரு வாசகர் எழும்பிப் போய்விடுவார். விட்டுவிட்டேன்.

4

முடிவு ஒன்று: "ஒருத்தரும் வாங்கிறேல்லை, அப்பா." அவர் நித்திரை கொள்கிறார். திங்கட்கிழமை அவள் அந்தக் கோட்டைக் காட்டும்போது

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்கிறாள். அன்றைய கனவில் யாரோ ஒருவர் துருவைத் துடைத்து, எண்ணெய் பூசி (எனக்கு எழுத வராது, விடுங்கள்.)

முடிவு மூன்று: வேலையை விடுகிறாள். அவளைத் தெரிந்த எவரும் நம்பமாட்டார்கள். அந்தக் கோடுகளை அவள் ஆசையோடுதான் கீறுகிறாள்.

நடந்தது வேறு. மிருணாளினி மற்றத் தாள்களைப் பொறுக்கி அடுக்கத் தொடங்கினாள். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"யோகா, ஊர்ப் புதினமெல்லாம் அறிஞ்ச ஆள் நீர். நீர் சொல்லும்."

இப்படி ஒருவர் கேட்கமாட்டாரா என்று ஆயுள் முழுக்கக் காத்திருந்தவள் நான். ஒரு பிடி புட்டை அள்ளி வாயை நிரப்பிக்கொண்டேன்.

மேசையடியில் இன்னும் ஒரு கதிரை காலியாய் இருக்கிறது. கோடு மேலேறுவது உங்களுக்கும் தெரியும். விரலைப் படத்திலிருந்து எடுக்காமல், அண்ணை இப்போது உங்களைப் பார்க்கிறார்.