இடப்பக்கத்துப் பிள்ளைகள்

பஸ்லினாவுக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் கூகைக்கட்டு வந்து கன்னம் வீங்கிக் கிடந்தாள். வீக்கம் வடிந்தபோது அந்தக் காதும் போயிருந்தது. மற்றக் காது நன்றாகக் கேட்டதால் அவளுடைய ஊரான மடவளையில் யாருக்கும் அது தெரியவரவில்லை. வகுப்பில் இடது ஓரத்து வாங்கில் உட்காருவாள், எல்லோரும் தன் வலப்பக்கம் இருக்கும்படி. பஸ்ஸிலும் இடப்பக்க ஜன்னலோரம்தான். “நாளைக்குக் கலியாணம் பேசக்குள்ள இது பெரிய கதையாகும். ஆருக்கிட்டயும் செல்ல வேணாம் மகள்” என்று உம்மா அப்போதே சொல்லி வைத்திருந்தார். அவளும் சொல்லவில்லை.

கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்விப் பிரிவில் சேர்ந்து முதல் வருடம் முடியும்வரை அதனால் ஒரு தொல்லையும் வரவில்லை. இரண்டாம் வருடம் பயிற்சிக்காகப் பாடசாலைகளுக்கு அனுப்புவதற்கு முன் ஒவ்வொருவரும் சக மாணவர்களையே பிள்ளைகளாக வைத்துப் பாடம் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. அங்கேதான் தொடங்கியது.

அவள் தரம் இரண்டுக்கான கூட்டல் கணக்கைப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஸாகி, மற்றவர்களின் சலசலப்புக்கு நடுவே சின்னப் பிள்ளை மாதிரிக் குரலை மாற்றி, “மிஸ், எனக்கு விளங்கல்ல” என்றான். அவள் திரும்பவில்லை. மறுபடி சொன்னான். அவள் அடுத்த கணக்குக்குப் போனாள். வகுப்பு முழுக்கச் சிரித்தபோதுதான் ஏதோ நடந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. விரிவுரையாளர் பத்மாதேவி சிரிக்கவில்லை.

“பாடம் நல்லாத் தெரியுது. ஆனா பிள்ளை கேக்கிறதை நீர் காதில போட்டுக்கொள்ளேல்லை. ஆரம்ப வகுப்புக்கு அது சரிவராது. இன்னொருக்கா செய்து காட்டும்.”

பஸ்லினா தலையாட்டினாள். வெண்கட்டியைக் கரும்பலகைக்குக் கீழே வைத்துவிட்டு இடத்துக்குப் போனாள்.

முன்னால் நிற்கும்போது வகுப்பில் பாதி தன் இடப்பக்கம் இருக்கும் என்பதை அதுவரை அவள் யோசித்துப் பார்த்ததே இல்லை. விடுதி அறையில் கட்டில்களுக்கு நடுவே நின்று ஒத்திகை பார்த்தாள். இடது சுவரோடு ஒட்டி நின்றால் எல்லோரும் வலப்பக்கம் வருவார்கள். ஆனால் எழுதத் திரும்பினால் எல்லாம் மாறிப்போகும். அதனால் கரும்பலகைப் பக்கம் திரும்பவே தேவைப்படாதபடி எல்லாவற்றையும் பிரிஸ்டல் போர்ட் அட்டைகளில் எழுதி வெட்டினாள்.

அறைத்தோழி கஜாலினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பயிற்சிக்கு அவளோடு ஒரே பாடசாலைக்குப் போக இருந்தவள். ஒருநாள் பஸ்லினா அட்டை வெட்டிக்கொண்டிருக்கும்போது அவளுடைய இடப்பக்கம் வந்து, விடுதி இரைச்சலுக்கு நடுவே எதையோ கேட்டாள். பதில் இல்லை. சுற்றி வந்து முன்னால் நின்றாள்.

“என்னடி, எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன். உனக்கு அந்தப் பக்கம் கேக்காதோ?”

பஸ்லினா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். மறுக்க வாயெடுத்தாள், முடியவில்லை. கண் கலங்கிவிட்டது.

“மிஸ்ஸிட்டச் சொல்லன். அவ ஒண்டும் செய்யமாட்டா.”

“செல்ல ஏலா கஜா. காது கேக்காத டீச்சர் என்னத்துக்குன்னு கேட்டு என்னய வீட்டுக்கு அனுப்பினா? வாப்பா கடையில வாறவங்களுக்கெல்லாம் மகள் டீச்சராகப் போறான்னு சென்னுக்கிட்டு ஈக்கிறாரு.”

கஜாலினி அதன்பிறகு வற்புறுத்தவில்லை. பிள்ளையாக உட்கார்ந்து அவளுக்கு ஒத்திகைக்கு உதவினாள். இரண்டாவது தடவை பாடம் ஒரு பிசகும் இல்லாமல் முடிந்தது. பத்மாதேவி அட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்துப் பாராட்டினார். அந்தப் பாராட்டு பஸ்லினாவுக்குச் சந்தோஷம் தரவில்லை. ஏமாற்றி வாங்கியதுபோல இருந்தது.

பயிற்சி தொடங்குவதற்கு முன்பு ஒருநாள் பாடசாலையைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார்கள். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. கண்டியில் பஸ் ஏறி, வளைவுகளில் குலுங்கி, தேயிலைக்கு நடுவே இறங்கி மேலே நடந்தார்கள். வகுப்பறையில் எந்தச் சுவரோரம் நிற்பது என்பதையே பஸ்லினா வழி நெடுக யோசித்துக்கொண்டு வந்தாள்.

அங்கே வகுப்பறையே இல்லை. நீண்ட மண்டபம் ஒன்று, தகரக் கூரை. வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் ஒரு கரும்பலகைதான் மறைப்பு. தரம் இரண்டு நடுவில் இருந்தது. ஒரு பக்கம் சின்ன வகுப்பு பாட்டுப் பாடியது, மறுபக்கம் தரம் மூன்று வாய்ப்பாடு சொல்லிக் கத்தியது. எந்த மூலையில் நின்றாலும் அவளுடைய நல்ல காதை இரைச்சல் நிறைத்தது. பேசுகிற வாய்கள் தெரிந்தன, பேச்சு வரவில்லை.

வகுப்பாசிரியை துஷ்யந்தி அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். “வாங்க டீச்சர், பயப்படாதீங்க, நம்ம புள்ளைங்க நல்ல புள்ளைங்க” என்று கதிரை இழுத்துப் போட்டார். கஜாலினியைத் தரம் நான்குக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பாடசாலை அதிபர் துஷ்யந்தியைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார்.

“படம் வரையக் குடுத்திருக்கேன். சும்மா பாத்துக்கிட்டா போதும். இந்தா வந்துடுறேன்” என்று துஷ்யந்தி போய்விட்டார்.

பஸ்லினா மேசை மேசையாக நடந்தாள். ஒரு பிள்ளை வரைந்த லொறியைக் குனிந்து பார்த்து, சில்லுகளுக்கு என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரம் லோஜிதா என்ற பிள்ளை எழுந்து வந்து அவளுடைய இடப்பக்கம் நின்றது. மெல்லிய குரலில் எதையோ கேட்டது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது. பிறகு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திச் சிரித்தபோதுதான் பஸ்லினா நிமிர்ந்தாள். லோஜிதாவின் கதிரைக்குக் கீழே சீமெந்துத் தரையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை. வெள்ளைச் சட்டையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தது.

துஷ்யந்தி திரும்பி வந்து அதைக் கண்டார். “என்னம்மா, டீச்சர்கிட்ட கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டேன்” என்றது லோஜிதா. “டீச்சர் விடல.”

துஷ்யந்தி பஸ்லினாவைப் பார்த்தார். “விட்டிருக்கலாமே டீச்சர், சின்னப் புள்ளதானே.”

சின்னப் பிள்ளை பொய் சொல்கிறது என்றோ, தான் கவனிக்கவில்லை என்றோ சொல்லித் தப்பியிருக்கலாம். பஸ்லினா அப்படிச் சொல்லவில்லை. குனிந்து லோஜிதாவின் முகத்துக்கு நேரே வந்தாள்.

“நான் விடாம இல்ல மகள். நீங்க கேட்டது எனக்குக் கேக்கல்ல. எனக்கு இந்தக் காது கேக்காது.”

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. துஷ்யந்தி லோஜிதாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்லினா வாளியும் துணியும் தேடி எடுத்துவந்து தரையைத் தானே துடைத்தாள்.

திரும்பும் பஸ்ஸில் கஜாலினி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நானும் வாறன், மிஸ்ஸிட்டச் சேர்ந்து சொல்லுவம்” என்றாள். பஸ்லினா வேண்டாம் என்றாள். அன்று பின்னேரமே தனியாகப் பத்மாதேவியின் அறைக்குப் போனாள். அவள் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் திறந்த பேனையைக் கையில் பிடித்தபடியே கேட்டார்.

“நீர் ஏன் இதை முந்தியே சொல்லேல்லை?” குரலில் கோபம் இருந்தது. “அண்டைக்கு எல்லாருக்கும் முன்னால உம்மைக் குறை சொன்னனான். தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பனே?”

“அனுப்பிருவீங்களோன்னு பயம் மிஸ்.”

“அதை நான் தனிய முடிவெடுக்க ஏலாது. கல்லூரிப் பீடாதிபதியிட்டைப் போகவேணும். டொக்டரிட்டை ரிப்போர்ட் எடுக்கவேணும். என்ன நடக்கும் எண்டு இப்ப சொல்லமாட்டன்.” பிறகு கொஞ்சம் தணிந்து, “இருந்து தண்ணி குடியும்” என்றார்.

அடுத்த நாட்கள் பொல்லாதவை. வீட்டுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது உம்மா அழுதார். வாப்பா றவூப் போனை வாங்கி, “டொக்டரிட்ட நான் வாறன்” என்று மட்டும் சொன்னார். கண்டியில் காது டொக்டரின் பரிசோதனை அறைக்குள், சத்தம் புகாத அந்த அமைதியில், வலது காதுக்கு வந்த மிக மெல்லிய ஒலிக்குக்கூட பஸ்லினா கை உயர்த்தினாள். இடது காதுக்கு எதுவும் வரவில்லை. டொக்டர் ரிப்போர்ட் எழுதும்போது முகத்தில் எதையும் காட்டவில்லை. வாப்பா வெளியே வாங்கில் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

கடைசியில் அனுமதி கிடைத்தது. படிப்பிக்கத் தடையில்லை, ஆனால் இரைச்சலில் சிரமப்படுவார் என்று டொக்டர் எழுதியிருந்தார். பத்மாதேவி அதைப் படித்துக் காட்டிவிட்டு, “அடிக்கடி வந்து பார்ப்பன். சரிவராட்டி உம்மை வேற பாடசாலைக்கு மாத்துவன்” என்றார். மண்டபத்தில் தரம் இரண்டை ஓரத்துக்கு மாற்ற முடியுமா என்று துஷ்யந்தி அதிபரிடம் கேட்டுப் பார்த்திருந்தார். இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பயிற்சியின் முதல் நாள் காலை பஸ்லினா சாரி மடிப்பைத் திரும்பத் திரும்பச் சரிசெய்தாள். மண்டபத்தில் அதே வாய்ப்பாடு, அதே பாட்டு. பிள்ளைகள் முன்னால் நின்று, தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

“எனக்கு இந்தக் காது கேக்காது. கூப்பிட்டு நான் திரும்பாட்டி, கிட்ட வந்து என் கையத் தொடுங்க. கோவிக்க மாட்டேன்.”

பிள்ளைகள் அந்தக் காதை வியப்போடு பார்த்தார்கள். அது வலிக்காதா என்று ஒரு பிள்ளை கேட்டது. இல்லை என்றாள். பிறகு ஒவ்வொரு மேசையாகப் போய்க் குனிந்து பெயர் கேட்டாள். ஒரு பெயரைத் தப்பாகத் திருப்பிச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

லோஜிதாவின் மேசைக்கு வந்தாள். பிள்ளை வாய் திறக்கவில்லை. பக்கத்துப் பிள்ளை, “இவ பேரு லோஜிதா டீச்சர்” என்றது.

“அவங்களே செல்லட்டும்” என்றாள் பஸ்லினா, நல்ல காதை லோஜிதா பக்கம் சாய்த்து. காத்திருந்தாள். லோஜிதா பென்சிலால் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அன்று அது பெயரைச் சொல்லவில்லை. பஸ்லினா மெல்ல நிமிர்ந்து அடுத்த மேசைக்குப் போனாள்.