மூன்றாவது விரல்

வாத்தியம் வாசிப்பவர்களை மட்டுமே அவள் வரைவாள். சும்மா வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தால் தூரிகையைத் தொடமாட்டாள். நிஜமாகவே வாசிக்க வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரையும் வரைந்து தீர்த்து, கல்யாணமாகி இருபது வருடம் கழித்துத்தான் கணவருக்கு முறை வந்தது. ஆபீஸ் விட்டு வந்ததும் வீட்டில் வயலின் வாசிப்பவர் அவர். அவள் வரைந்து முடிக்க எட்டு நாள் ஒரே பாட்டை வாசித்ததில் அவருக்குக் கை ஓய்ந்துபோயிற்று.

படம் முடிந்ததும் அதில் தன் முகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக விரலுக்குப் போனார்.

"மூணாவது விரலை ஒரு நூல் தள்ளி வரைஞ்சிட்டியே. அங்க வச்சா அபஸ்வரம்."

அவளுக்குச் சுருக்கென்றது. வயலினை எடுத்து அவர் கையில் திணித்தாள். "வாசிங்க, பாப்போம்."

வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அவள் வரைந்திருந்த அந்த இடம் வந்ததும், "அப்படியே நிறுத்துங்க" என்றாள். கண்ணைத் திறந்து பார்த்தார். விரல் படத்தில் இருந்தபடியே உட்கார்ந்திருந்தது.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "இத்தனை வருஷமா தப்பாவா வாசிச்சேன்? நீயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கென்ன தெரியும்? பாட்டே அப்படித்தான்னு நெனச்சேன்" என்றாள் அவள். "அதுல அந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."